வாரத்தில் ஆறு மணி நேரம்: ஒரு நன்கொடை போய்ச் சேர்ந்த இடம்

2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில், பாலாற்றை ஒட்டிய ஓர் ஊரில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்று இருக்கிறது. காலையில் உதவி பெறும் பிரிவு, மதியத்துக்கு மேல் சுயநிதிப் பிரிவு. அங்கே படித்து, பிறகு தோல் பொருள் ஏற்றுமதியில் நன்றாக வந்த ஒருவர் தன் குடும்ப அறக்கட்டளை வழியாகக் கல்லூரிக்குப் பணம் கொடுத்தார். "நம்ம பசங்க எல்லாம் வேலை தேடி பெங்களூருக்குப் போயிடறாங்க. கொஞ்சம் பேராவது இங்கேயே தொழில் ஆரம்பிக்கணும்" என்பதுதான் அவர் வைத்த ஒரே கோரிக்கை.

அந்தப் பணம் முதலில் ஒரு விதமாகவும் பிறகு வேறு விதமாகவும் செலவானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. நான் வேறொரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். அறக்கட்டளை கேட்டுக்கொண்டதால் திட்டத்தை வெளியாளாக இருந்து பார்த்து எழுதிக் கொடுத்தேன். அதில் பொதுவில் சொல்லக்கூடியவை இங்கே இருக்கின்றன. கல்லூரி, அறக்கட்டளை, மாணவர் யாருடைய பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் தொழில்முனைவு சொல்லித்தர நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள், அந்தப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ஓர் ஆசிரியரின் நேரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கொடுத்துப் பழகிய மண்

வட ஆற்காடு என்று முன்பு அழைக்கப்பட்ட இந்தப் பகுதிக்குக் கல்விக் கொடை புதிதல்ல. 1902-இல் வேலூரில் திறந்த ஷெல் மருத்துவமனைக்கு, ராபர்ட் ஷெல் என்ற அமெரிக்கர் மறைந்த தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர்தான் மூலதனம். ஐடா ஸ்கடரின் அந்த மருத்துவமனையிலிருந்துதான் இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) வளர்ந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்த ஊரீசு கல்லூரியின் பெயரே கொடை கொடுத்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் பெயர். வெளிநாட்டுப் பணம் மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும், 1965-இல் தொடங்கிய மேல்விஷாரம் சி.அப்துல் ஹக்கீம் கல்லூரியும் தோல் வணிகத்தில் சம்பாதித்தவர்களின் ஊரில், அவர்கள் வளர்த்த கல்விச் சங்கங்களால் எழுந்தவை. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே பயணிகள் தங்க சித்தீக் சராயைக் கட்டிக் கொடுத்த தோல் வணிகர்தான் அந்த அப்துல் ஹக்கீம்.

இந்தக் கொடைகள் எல்லாம் நிலமாக, கட்டடமாக, விடுதியாக, உதவித்தொகையாக வந்தவை. அந்தக் காலத்துக்கு அதுதான் தேவை. கல்லூரியே இல்லாத ஊரில் முதலில் கூரை வேண்டும் அல்லவா? அதனால் இந்தப் பகுதியில் கொடை என்றாலே கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பழக்கம் ஊறிவிட்டது. கொடுப்பவரும் அதையே எதிர்பார்க்கிறார், வாங்குபவரும் அதையே கேட்கிறார். நம் கல்லூரியின் கதையும் அங்கேதான் தொடங்கியது.

முதல் கட்டம்: அறை

அறக்கட்டளையின் முதல் பணத்தில் பழைய நூலகத்தின் ஒரு பகுதியைத் தடுத்து 'தொழில்முனைவோர் மையம்' என்று பலகை வைத்தார்கள். குளிர்சாதனம், கணினிகள், வட்ட மேசை, முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்று. திறப்பு விழாவுக்கு முக்கியப் பிரமுகர்கள் வந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வணிகத் திட்டப் போட்டி நடந்தது. வென்றவர்களுக்குக் கேடயமும் காசோலையும் கொடுத்தார்கள்.

போட்டிக்கு வந்த திட்டங்களை நான் வரிசையாகப் படித்தேன். பாதிக்கு மேல் செயலிகள். உணவு கொண்டுவந்து தரும் செயலி, பழைய புத்தகம் விற்கும் செயலி, விவசாயியையும் நுகர்வோரையும் இணைக்கும் செயலி. எழுதிய மாணவர்களில் பலர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அம்மாவின் பிள்ளைகள், மண்டியில் கணக்கு எழுதும் அப்பாவின் பிள்ளைகள், பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எதுவும் அந்தத் தாள்களில் இல்லை. பரிசு வாங்கிய திட்டங்களில் ஒன்றுகூட ஒரு பொருளை ஒருவருக்கு விற்கும் அளவுக்கு நகரவில்லை. கேடயம் வீட்டுக்குப் போனது, தாள் அலமாரிக்குப் போனது.

இதற்காக மாணவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. மையத்துக்குப் பொறுப்பாக ஒரு பேராசிரியை இருந்தார், வணிகவியல் துறை. பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. அது போக விடைத்தாள், தர மதிப்பீட்டுக் கோப்புகள், சேர்க்கை வேலை, தேர்வுப் பணி. இதற்கெல்லாம் மேல்தான் இந்த மையம். அறக்கட்டளைச் செயலர் ஒருநாள் வந்து அச்சு இயந்திரத்தின் மேல் இருந்த உறையைப் பார்த்துவிட்டு, "இதை யார் ஓட்டறாங்க மேடம்?" என்று கேட்டிருக்கிறார். "கத்துக்கணும்னு ஆசைதான் சார். எந்த நேரத்துல கத்துக்கறதுன்னுதான் தெரியல" என்று அவர் சொன்னாராம். திட்டம் திசை மாறியது அந்தப் பதிலால்தான் என்று செயலரே என்னிடம் சொன்னார்.

இரண்டாம் கட்டம்: மணி நேரம்

மாற்றம் எளிமையானது. பேராசிரியையின் 16 மணி நேரத்தில் ஆறு மணி நேர வகுப்பை எடுக்க ஒரு கௌரவ விரிவுரையாளரை அமர்த்தினார்கள். அவருடைய ஊதியத்தை அறக்கட்டளை ஏற்றது. விடுபட்ட ஆறு மணி நேரத்தை வேறு எந்த நிர்வாக வேலைக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முதல்வர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். பேச்சுவார்த்தையில் அதிக நேரம் எடுத்தது இந்த ஒரு வரிதான்.

இதில் அமெரிக்காவின் காஃப்மன் அறக்கட்டளையின் சாயல் இருக்கிறது. மருந்துக் கம்பெனி நடத்திச் சம்பாதித்த யூவிங் காஃப்மன் நிறுவிய அந்த அறக்கட்டளை, 2003-இல் எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மொத்தம் 2.5 கோடி டாலர் அறிவித்தது. தொழில்முனைவுப் பாடத்தை வணிகத் துறைக்கும் பொறியியல் துறைக்கும் வெளியே, இசை, வரலாறு, செவிலியம் படிப்பவர்களிடமும் கொண்டுபோக வேண்டும் என்பது நோக்கம். பல்கலைக்கழகமும் தன் பங்குக்குப் பணம் போட வேண்டும் என்பது நிபந்தனை. நம் ஊர்க் கல்லூரியிடம் ஈடாகப் போடப் பணம் ஏது? ஆனால் நேரத்தைப் போடலாம். இந்த ஒப்பந்தத்தில் கல்லூரி கொடுத்த ஈடு அதுதான். வாத்வானி அறக்கட்டளை இந்தியக் கல்லூரிகளில் நடத்திய தேசியத் தொழில்முனைவு வலையமைப்பும் ஆசிரியர் பயிற்சிக்கு முதன்மை கொடுத்த ஒன்று. ஆனால் பயிற்சி பெற்றுத் திரும்பும் ஆசிரியருக்கு அதே பழைய கால அட்டவணை காத்திருந்தால் பயிற்சி வீணாகிறது. இதை நான் பல கல்லூரிகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மாணவர்கள் தொழில் பழக ஒரு சிறு மூலதனம். குழுவுக்குத் தொடக்கத்தில் 3,000 ரூபாய். திருப்பித் தர வேண்டாம். வரவு செலவு நோட்டை மட்டும் பைசா சுத்தமாக ஒப்படைக்க வேண்டும். நோட்டு சரியாக இருந்தால், நஷ்டப்பட்டிருந்தாலும் இரண்டாம் தவணை உண்டு. இந்தச் சிறு தொகை ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டும். அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2012 முதல் நடக்கும் 'நீட்ஸ்' திட்டத்தில் படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத முதலீட்டு மானியம் கிடைக்கும், ஆனால் திட்ட மதிப்பு 10 லட்சத்திலிருந்துதான் தொடங்குகிறது. 2015-இல் வந்த முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு, ஆனால் அது கடன். 19 வயதில், தண்டல்காரர் தினமும் வாசலுக்கு வருவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு, தோற்றாலும் வீட்டைத் தொடாத ஒரு மூவாயிரம் வேண்டும். அதை எந்த வங்கியும் தராது. தனிக் கொடையால்தான் அது முடியும்.

கடைசியாக, ஊர் வியாபாரிகளின் நேரம். மேடைப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆம்பூரில் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர், குடியாத்தத்தில் கைலி மொத்த வியாபாரம் செய்பவர், வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மண்டி வைத்திருப்பவர் போன்றவர்கள் மாணவர்களைத் தங்கள் இடத்துக்கே வரச் சொன்னார்கள். பெண் பிள்ளைகள் கல்லூரிப் பேருந்தை விட்டால் வீடு சேர இருட்டிவிடும் என்பதால் எல்லாப் பயணமும் சனிக்கிழமை பகலில் வைக்கப்பட்டது. சின்ன ஏற்பாடுதான். அது இல்லாதிருந்தால் குழுக்களில் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள்.

மூன்று குழுக்கள்

கைலிக் குழுவில் இரண்டு பையன்கள். குடியாத்தத்தில் கொள்முதல் செய்து விடுதியிலும் பக்கத்துத் தொழிற்பேட்டை வாசலிலும் விற்றார்கள். சரக்கு வேகமாகப் போனது. மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் லாபம் இருக்கிறது, கையில் காசு இல்லை. பாதிப் பேர் கடன் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். குடியாத்தத்து வியாபாரி அவர்களிடம், "கடன் குடுக்காம யாவாரம் பண்ண முடியாதுப்பா. யாருக்கு எவ்ளோ, எந்தத் தேதி வரைக்கும்னு எழுதி வெச்சிட்டுக் குடு" என்றாராம். நிலுவைத் தொகை மேலாண்மை என்று நான் வகுப்பில் ஒரு பாடமாக நடத்துவதை அந்தப் பையன்கள் ஒரு மாதத்தில் உடம்பால் படித்துவிட்டார்கள். இரண்டாம் தவணையை வாங்கி, கடனுக்கு வரம்பு வைத்து, அந்த ஆண்டைச் சிறிய லாபத்தில் முடித்தார்கள்.

இரண்டாவது குழு கத்தரிக்காய். இலவம்பாடிப் பக்கத்து முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வைத்து, தோட்டத்திலிருந்து வேலூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நேராக விற்கலாம் என்று விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் நான்கு பேர் இறங்கினார்கள். மண்டி விலையைவிடக் கிலோவுக்குக் கூடவே கிடைத்தது. ஆனால் பேராசிரியை நோட்டில் இரண்டு வரிகளைக் கூடுதலாக எழுதச் சொன்னார்: பெட்ரோல், உங்கள் உழைப்பு. எழுதிப் பார்த்தபோது மிச்சம் ஒன்றுமில்லை. மண்டிக்காரர் பிடிக்கும் கமிஷனுக்கு அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. குழு கலைந்தது. அதிலிருந்த ஒரு மாணவி, இப்போது தன் அப்பாவின் நிலத்துக் கணக்கை முழுவதுமாக எழுதுகிறார். எந்த வாரம் மண்டிக்குப் போடுவது, எந்த வாரம் பறிப்பைத் தள்ளிப்போடுவது என்று வீட்டில் அவரைத்தான் கேட்கிறார்கள். இதை எந்தத் திட்ட அறிக்கையும் 'தொடங்கப்பட்ட நிறுவனம்' என்ற பத்தியில் சேர்க்காது. நான் சேர்ப்பேன்.

மூன்றாவது குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அம்மா பல ஆண்டுகளாக ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு மாணவி. வெட்டிய தோலில் மிஞ்சும் துண்டுகள் கிலோ கணக்கில் விலைக்குப் போவது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதில் சாவிக்கொத்து, நாணயப் பை, கண்ணாடி உறை செய்யலாம் என்றார். முதல் தடங்கல் இயந்திரம். வீட்டுத் தையல் மெஷினில் தோல் ஓட்டினால் ஊசி உடைகிறது. தோலுக்கான மெஷின் விலை திட்டப் பணத்தைப் போலப் பல மடங்கு. ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மெஷினில் தைத்துக்கொள்ளச் சொன்னார். "ஊசி உடைஞ்சா மட்டும் வாங்கி வெச்சிடும்மா" என்பதுதான் வாடகை. அறக்கட்டளையின் கணக்கில் எங்கேயும் வராத இந்தக் கொடை, என் பார்வையில் மொத்தத் திட்டத்திலும் மிகப் பெரியவற்றில் ஒன்று.

இரண்டாவது தடங்கல் நிறம். ஒரு கடை இருநூறு பை ஒரே நிறத்தில் கேட்டது. துண்டுத் தோலில் ஒரே நிறம் அத்தனை கிடைக்காது. அம்மா தன் மேற்பார்வையாளரிடம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. ஆர்டரை விட்டுவிட வேண்டியதாயிற்று. அந்த மாணவி வகுப்பில் எழுந்து இதைச் சொன்னபோது யாரும் ஆறுதல் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்கள்: நிறம் மாறினால் கவலைப்படாத வாடிக்கையாளர் யார்? அதிலிருந்து திருமணத் தாம்பூலப் பையில் வைக்கும் சிறு பொருள் என்ற வழி வந்தது. படிப்பு முடிந்த பிறகும் அவர் இதை நடத்துகிறார், முழுநேர வேலையாக அல்ல. பகலில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை, மாலையில் இது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவையும் தானே இணையத்தில் செய்துகொண்டார். 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. தெருவில் இட்லி மாவு விற்பவருக்கும் டெய்லருக்கும் அவரே பதிவு செய்து கொடுத்தார். அதுவரை இடைத்தரகரிடம் காசு கொடுத்துச் செய்வதுதான் அங்கே வழக்கமாக இருந்தது.

பாலாற்றைப் பற்றிய கேள்வி

நன்கொடையாளர் ஒருமுறை மாணவர்களோடு உட்கார வந்தார். ஒரு பையன் எழுந்து, "சார், உங்க தொழில்ல தண்ணிக்கு என்ன பண்றீங்க? எங்க பாட்டி ஊர்ல கிணத்துத் தண்ணியை வாயில வைக்க முடியாது" என்று கேட்டான். அறை அமைதியாகிவிட்டது, துறைத்தலைவர் முகம் மாறியது என்று சொன்னார்கள்.

இது சும்மா கேட்ட கேள்வி இல்லை. இந்த மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான், 'மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். அந்த ஆற்றங்கரையிலேயே தொழில் சொல்லித்தரும் ஒரு வகுப்பு அதைத் தொடாமல் போக முடியாது, தொடவும் வேண்டும்.

நன்கொடையாளர் மழுப்பவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தன் பங்குச் செலவு எவ்வளவு, அது பொருளின் விலையில் எப்படி ஏறுகிறது, வெளிநாட்டு வாடிக்கையாளர் எதையெல்லாம் சோதிக்கிறார், பழைய பாதிப்பில் எதைச் சரிசெய்ய முடியவில்லை என்று நீண்ட நேரம் பேசினார். அடுத்த ஆண்டிலிருந்து பாடத்தில் ஒரு பகுதி இதற்கே ஒதுக்கப்பட்டது: ஒரு பொருளின் விலையில் சேராமல் ஊரார் தலையில் விழும் செலவுகள். பணம் கொடுத்தவரிடம் இப்படிக் கேட்க முடியாத வகுப்பு என்றால் அந்தப் பணத்தை வாங்காமல் இருப்பதே மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எதை வைத்து அளப்பது

"எத்தனை பேர் கம்பெனி ஆரம்பித்தார்கள்?" அறக்கட்டளைக் கூட்டத்தில் முதலில் வந்த கேள்வி இதுதான். நேர்மையான பதில்: மிகச் சிலர். வகுப்பை முடித்ததும் "எனக்குத் தொழில் சரிப்படாது, போட்டித் தேர்வுக்குப் படிக்கப் போறேன்" என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

நெதர்லாந்தில் கல்லூரி மாணவர்கள் ஓராண்டு சிறு நிறுவனம் நடத்தும் திட்டத்தை ஆராய்ந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு 2010-இல் வெளியானது. தொழில் தொடங்கும் எண்ணம் அந்த மாணவர்களிடம் கூடவில்லை, குறைந்தது. பலர் அதைத் தோல்வி என்று படித்தார்கள். 20 வயதில் 3,000 ரூபாயில் தனக்கு எது சரிப்படாது என்று தெரிந்துகொள்வது, 30 வயதில் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துத் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ நல்லது. அதனால் எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கும் சான்று உண்டு. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்பவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தானாக முன்வந்து செயல்படும் மனப்போக்கைப் பழக்கிய பயிற்சி பெற்றவர்களின் லாபம் சுமார் 30 சதவீதம் கூடியது. கணக்கு, சந்தைப்படுத்தல் என்ற வழக்கமான பயிற்சிக்கு அந்த அளவு பலன் இல்லை. இந்தச் சிந்தனைக்கு வேலூரோடு பழைய உறவு உண்டு. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெல்லண்ட் 1960-களில் ஹைதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் நடத்திய சாதனை ஊக்கப் பயிற்சியில் காக்கிநாடா வியாபாரிகளோடு வேலூர் வியாபாரிகளும் கலந்துகொண்டார்கள். காக்கிநாடா பெயர் பாடநூல்களில் நிலைத்தது. வேலூர் பங்கு இங்கேயே பலருக்குத் தெரியாது.

அறக்கட்டளைக்கு நான் பரிந்துரைத்த அளவீடுகள் வேறு. நோட்டை ஆண்டு முழுக்க எழுதியவர்கள் எத்தனை பேர்? முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு பொருளையாவது விற்றவர்கள் எத்தனை பேர்? படித்து முடித்து மூன்றாண்டு கழித்து, குடும்பத் தொழிலிலோ வேலையிலோ பணம் சார்ந்த முடிவை எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர்? மூன்றாவதற்குத்தான் பழைய மாணவர்களைத் தேடிப்போய் விசாரிக்க வேண்டும். அதற்கும் பேராசிரியையின் நேரம்தான் வேண்டும்.

எந்தப் பணம், எத்தனை ஆண்டுக்கு

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை வைத்து இதை நடத்த முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். கல்வி அதில் அடங்கும். ஆனால் அது செலவாகித் தீர வேண்டிய பணம். 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, ஒரு நிறுவனத்தின் மூலநிதியில் போடும் பணம் இந்தக் கணக்கில் சேராது. அதாவது, வைப்பில் போட்டு வட்டியில் ஓர் ஆசிரியரின் ஆறு மணி நேரத்தை ஆண்டாண்டுக்கும் காப்பாற்றும் ஏற்பாட்டைச் சமூகப் பொறுப்பு நிதியால் செய்ய முடியாது. பெரிய கம்பெனிப் பணம் கணினி, பயிற்சி முகாம், போட்டி என்று போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடும்ப அறக்கட்டளைக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் அந்தக் கட்டு இல்லை. மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் கல்லூரி எழுப்பியவர்களின் பேரன் பேத்திகள் செய்யக்கூடிய, அவர்களால் மட்டுமே செய்ய முடிந்த வேலை இது. அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 முதல் திறன் பயிற்சியைப் பெரிய அளவில் கொண்டுவந்திருக்கிறது. அதற்குப் போட்டியாக இன்னொரு பயிற்சி வகுப்பு வேண்டாம். அங்கே கற்றதைக் கடைவீதியில் பழகிப் பார்க்கக் கூடவே நிற்கும் ஆசிரியர் ஒருவர் கல்லூரிக்கு ஒருவராவது வேண்டும்.

நான் அறிக்கை கொடுத்தபோது அறக்கட்டளை மூலநிதி வைக்க ஒப்புக்கொண்டது. இரண்டு விஷயங்கள் முடிவாகாமல் இருக்கின்றன. பேராசிரியை பணி ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள்தான் உண்டு. அவரோடு இப்போதிருந்தே இரண்டாவது ஆசிரியர் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், கல்லூரி இன்னும் ஆளைச் சொல்லவில்லை. அப்புறம், மதியப் பிரிவு மாணவர்கள். காலையில் கடையிலும் யூனிட்டிலும் வேலை செய்துவிட்டு வகுப்புக்கு வரும் அவர்களுக்குத்தான் தொழில் அதிகம் தெரியும், ஆனால் சனிக்கிழமைகளில் அவர்களுக்கு விடுப்புக் கிடைக்காது. அவர்கள் வேலை பார்க்கும் முதலாளிகளிடமே போய் மாதம் ஒரு சனிக்கிழமை கேட்பது என்று செயலர் சொல்லியிருக்கிறார். முதலில் ஆம்பூர் யூனிட்காரரிடம் பேசுகிறார்கள்.